மிஷின் நிற்க வேண்டிய இடம்

சரவணா கண்ணு,

நீ கோயம்புத்தூர் போய் இன்றோடு ஆறு நாள் ஆகிறது. நேற்று சாயங்காலம் நீ மஞ்சுளாவிடம் போனில் பேசியதை நானும் கேட்டேன். ஒளிந்திருந்து கேட்கவில்லை. உன் பெண்டாட்டி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள், நானும் எதிரில் உட்கார்ந்து அதையேதான் செய்துகொண்டிருந்தேன். நம் மில்லிங் மிஷினில் பூட்டப்போகிற புது மோட்டார், கன்ட்ரோல் பெட்டி எல்லாம் தயார், ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டாயிற்று என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாய். பிறகு குரல் இறங்கிவிட்டது. "மிஷின் ஆட்டமில்லாம நின்னாதான் இத மாட்டி பிரயோஜனம்ங்கறாங்க மஞ்சு. என் கைக்கு அது நிக்க மாட்டேங்குது. வியாழக்கெழம வந்ததும் அத்திப்பள்ளி ஷெட்டுக்காரர்கிட்ட பேசி முடிச்சுடறேன். அங்க வேற ஆள வெச்சு நிக்க வெச்சுக்கலாம். வீட்ல இனிமே ஆவாது" என்றாய்.

அவரைக்காயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். "என் கைக்கு" என்று நீ சொன்னதை என்னால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். ஷெட்டை வாடகைக்கு விடுகிற அந்த ஆளிடம் நீ வாய் திறப்பதற்கு முன்னால் இதைக் கடைசி வரைக்கும் படித்துவிடு.

போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "பரவால்ல விடும்மா" என்பாய். நான் சொல்லப்போவது அப்படி விட்டுவிடுகிற விஷயமில்லை. பேசிப் பதிவு செய்து அனுப்பு என்று உன் மகள் சொன்னாள். நீ அதையெல்லாம் வேகமாக ஓடவிட்டுக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். ஆகையால் எழுதுகிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்த எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். பவித்ரா பிழை திருத்திக் கொடுத்து, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறாள். அவளும் அவள் அம்மாவும் படித்த பிறகுதான் உன்னிடம் வரும், ஆகவே இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. நம் பக்கத்தில் வீட்டிலேயே மிஷின் போட நினைக்கிறவர்கள் யாருக்காவது காட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. காட்டினால் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் உன் கம்பெனியில் டூல்ரூமை மூடி, உன்னையும் சேர்த்துப் பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினெட்டு வருஷம் ஒரே ஷிப்ட் பஸ்ஸில் போய் வந்தவன் நீ. காலையில் பஸ் நேரத்துக்குக் குளித்துவிட்டு, போக இடமில்லாமல் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பாய். எனக்குப் பார்க்கவே பிடிக்காது. மூன்று மாதம் அப்படிப் போனது. ஒருநாள் ராயக்கோட்டை ரோட்டில் பழைய மிஷின் விற்கிறவரிடம் ஒரு மில்லிங் மிஷினைப் பார்த்துவிட்டு வந்தாய். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த வெளிச்சம், பவித்ரா பிறந்த அன்றைக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. இரும்புக் கட்டையை டேபிளில் கட்டி வைத்தால், மேலே கட்டர் சுற்றி அதைத் தேங்காய்ப் பத்தை மாதிரி சீவித் தட்டையாக்கும் என்று எனக்குக் கையாலேயே ஆட்டிக் காட்டினாய். அப்போதே டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கக் கிளம்பிவிட்டாய். நீ முதலில் அளந்தது என் அறையைத்தான். அது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

"ஏம்மா, முன் ரூம்ல போட்டா லாரி ரிவர்ஸ்லயே வாசல் வரைக்கும் வந்துரும். கரண்டு கம்பமும் எதிர்லயே இருக்குது. உனக்கு நடு ரூம்ல கட்டில் போட்டு, புதுசா ஃபேன் மாட்டித் தரேன்."

"எண்ணெ நாத்தம் சாமி படம் வரைக்கும் வருமேடா. பின்னாடி கொட்டாய் சும்மாதான கெடக்குது, அங்க போடு."

நீ இன்னொரு வார்த்தை கேட்கவில்லை. டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. "சரிம்மா" என்றாய். அவ்வளவுதான்.

அந்த அறையை நான் ஏன் விடவில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டும். கல்லாவியில் உன் தாத்தா வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது இரண்டு அறையில் பதினோரு பேர். எனக்குக் கிடைத்த இடம் நெல்மூட்டைக்கும் அம்மிக்கும் நடுவில். ஓசூர் வந்த பிறகு வரிசை வீட்டில் ஒரே அறை, அதில்தான் சமையல், அதில்தான் நீ, அதில்தான் உன் அப்பாவின் இருமல். இந்த மனை வாங்கி வீடு கட்டி, உன் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, நீயும் மஞ்சுளாவுமாக முன் அறையை எனக்கு என்று விட்டுக் கொடுத்தீர்கள். உள்ளே தாழ்ப்பாள் வைத்த கதவு என் வாழ்க்கையில் அதுதான் முதல். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கம்பெனி பஸ்கள் போகும். எந்தக் கலர் பஸ் எந்த ஷிப்ட், எதில் பெண் பிள்ளைகள் அதிகம், எந்த டிரைவர் நம் முனையில் நிறுத்தி டீ குடிப்பான் எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த ஜன்னலை ஒரு இரும்பு மிஷினுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சாமி படம், எண்ணெய் நாற்றம் எல்லாம் நான் சும்மா சொன்ன சாக்கு.

அதுவரைக்கும் இது ஒரு கிழவியின் ஆசைதான், பெரிய குற்றம் இல்லை. குற்றம் மிஷின் வந்த அன்றைக்கு நடந்தது.

ஹைட்ரா கிரேன் வந்தது. பின்பக்கம் போக வழியில்லை என்று பக்கத்துக் காம்பவுண்டு சுவரை இடித்தீர்கள். பைப்புகளை அடியில் போட்டு, கடப்பாறையால் நெம்பி நெம்பி, ஒரு டன்னுக்கு மேல் கனமான மிஷினை அங்குலம் அங்குலமாக உருட்டினீர்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. "என்னங்க்கா, வூட்டுக்குள்ளயே சிப்காட்டா?" என்று எதிர் வீட்டுக்காரி என்னைக் கேட்டாள். "ஆமா, நாளைக்கு கேண்டீன் தொறக்கறோம், வந்து சாப்பிட்டுப் போ" என்றேன். எனக்கும் அன்றைக்குப் பெருமைதான். கொட்டகை வாசலில் ஹைட்ரா ஓட்டி வந்தவர் நின்றுவிட்டார். ஆனேக்கல் பக்கத்து ஆள், கன்னடத்துக்காரர். காலால் தரையை இரண்டு தடவை ஓங்கி மிதித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நெல கட்டி இதியாம்மா?"

நீயும் திரும்பினாய். "ஏம்மா, இந்த எடம் கெட்டிதான?"

அவருக்குக் கட்டி, நமக்குக் கெட்டி. ஒரே வார்த்தை. தெரியவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம், அப்படிச் சொல்லியிருந்தால்கூட நீ ஒரு கடப்பாறையை இறக்கிப் பார்த்திருப்பாய். நான் "கெட்டிதான்" என்றேன். அவரும் நம்பினார், நீயும் நம்பினாய்.

அது கெட்டி இல்லை என்று எனக்குத் தெரியும், கண்ணு. அந்தக் கொட்டகைக்கு அடியில் இருப்பது எருக்குழி.

நீ வேலை பழகப் பூனாவில் இருந்த நான்கு வருஷத்தில் நான் இரண்டு மாடு வைத்திருந்தது உனக்குத் தெரியும். லீவில் வந்து பால் குடித்துவிட்டுப் போயிருக்கிறாய். குழி எங்கே இருந்தது என்று நீ பார்த்திருக்க மாட்டாய், உனக்கு அது எதற்கு. உன் அப்பா ஆள் கழுத்தளவுக்கு வெட்டிய குழி அது. பக்கத்து மனைகளில் எல்லாம் வீடு வந்தது, சாணி நாற்றம் என்று சண்டை வந்தது, மாடுகளைக் கொடுத்துவிட்டோம். மேலாக இருந்த எருவை அள்ளிக்கொண்டு போனார்கள். அடியில் கிடந்ததை அள்ள ஆள் வரவில்லை. அப்படியே அதன் மேல் கரும்புச் சோகை, வீட்டுக் குப்பை, இடித்த சுவரின் மண் எல்லாம் கொட்டி மிதித்து, மேலே ஒரு விரல் கனத்துக்குச் சிமென்ட் பூசி, விறகு போட்டு வைக்கத் தகரம் வேய்ந்தார். நீ திரும்பி வந்தபோது அது விறகுக் கொட்டகை. பூசி முடித்த அன்றைக்கு உன் அப்பா கரணையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இது மேல கனமா எதும் வெச்சிராத புள்ள. உள்ள மக்க மக்க எறங்கிக்கிட்டே இருக்கும்." நான்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும், காரணம் மட்டும்தான் தெரியாது. முதல் ஆறு மாதம் மிஷின் நன்றாக ஓடியது. நீ சீவிக் கொடுக்கிற இரும்பு விளிம்பில் பிசிறு நிற்கும், அதை அரத்தால் தேய்த்து எடுப்பதற்கு என்னை உட்கார வைத்தாய். "பர் எடுக்கறது" என்று நீ சொல்லிக் கொடுத்த வார்த்தையை நான் கோயிலில் பார்க்கிறவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "என்ன பண்றீங்க வீட்ல?" என்றால், "மகன் மில்லிங் போடறான், நான் பர் எடுக்கறேன்" என்பேன். இந்த வயசில் ஒரு வேலையும் அதற்கு ஒரு பெயரும் கிடைத்தது எனக்கு. உனக்கு அது சின்ன விஷயமாக இருக்கும்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் என் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய பரப்பில் அலை அலையாகக் கோடு. கண்ணுக்குத் தெரியாது, தடவினால் தெரியும். உன்னிடம் காட்டினேன். நீ கட்டரை மாற்றினாய். பிறகு பெல்ட்டை மாற்றினாய். பிறகு மிஷின் தலையைக் கழற்றிப் பேரிங்கை மாற்றினாய். லெவல் வைத்துப் பார்த்தால் மிஷின் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காலுக்கடியில் மெல்லிய தகடு சொருகி நிமிர்த்தினாய். சில மாதம் நிற்கும், மறுபடி சாயும். ஒரு கால் தரையில் முழுதாக ஊன்றாமல் நின்றால் மிஷின் நடுங்காமல் என்ன செய்யும்? அது எனக்கே புரிந்தது. உனக்குப் புரியாமல் இருக்குமா? ஆனால் தரை கெட்டி என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாளே. அதனால் நீ தரையை மட்டும் சந்தேகப்படவில்லை. மிஷினின் அடிப்பாகமே முறுக்கிக்கொண்டது என்றாய். பிறகு, லெவல் குமிழியை உன் கண் சரியாகப் பார்க்கவில்லையோ என்று கண் டாக்டரிடம் போனாய். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாய். பிறகு நகர்வை எண்ணில் காட்டுகிற பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினாய், சிவப்பு எண் ஓடும், எனக்கும் படிக்க வந்தது. எண் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அலை போகவில்லை.

போன வருஷம் ஒரு கம்பெனி உன் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பியது. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாய். "கையி போச்சும்மா எனக்கு. டூல்ரூம்ல இருந்த கையி இல்ல இது" என்றாய்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. நான்கு வருஷம் சொல்லாததை ஐந்தாவது வருஷம் சொன்னால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று பயம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசாவுதுல்ல" என்றேன். நாற்பத்தாறு வயசுக்காரனைப் பார்த்து. நீ தலையை ஆட்டிக்கொண்டாய். கெட்டிதான் என்று சொன்னது அறைக்கு ஆசைப்பட்டுச் சொன்ன பொய். இது அந்தப் பொய்யைக் காப்பாற்றச் சொன்னது. இரண்டில் இதுதான் என்னை அதிகம் குத்துகிறது.

இதையெல்லாம் என் வாயிலிருந்து பிடுங்கியவள் உன் மகள். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளைக்கு இருக்கிற மூளை இந்த வீட்டில் யாருக்கும் இல்லை என்று சொன்னால் நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். நீ போன மறுநாள் அவள் உன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள், மிஷினை நிமிர்த்திய தேதியெல்லாம் நீ குறித்து வைக்கிறாயே, அந்த நோட்டு. நேற்று நீ போனை வைத்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவ்வா, ஒன்னு கவனிச்சியா? பெரிய மழ பேஞ்சு முடிஞ்சு ஒரு மாசத்துக்குள்ளதான் மிஷின் சாயுது. ஒவ்வொரு வருஷமும். வெயில் காலத்துல ஒரு தடவகூட இல்ல. மிஷின்ல கோளாறுன்னா அதுக்கு மழையப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கென்னடி தெரியும், உங்கப்பனக் கேளு."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா ஏன் கண்ணாடி மாட்டிக்கிட்டு அலையுது? அதுக்குக் கீழ என்ன அவ்வா இருக்குது?"

நான் எழுந்து போய்விட்டேன். இன்றைக்குக் காலையில் மஞ்சுளா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள், பவித்ரா தலை பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். மஞ்சுளா உடனே பேசுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். தட்டை இட்லிச் சட்டியில் வைத்து மூடிவிட்டுத்தான் திரும்பினாள்.

"அத்தே, அவரு கண்ணு டாக்டர்கிட்ட போனப்ப நீங்களும் கூடத்தான் ஆட்டோல போனீங்க."

"ஆமா."

"வழியில ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஆட்டோவத் திருப்பிக்கிட்டு வந்திருப்பாரில்ல?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் எனக்குத் தட்டில் நான்கு இட்லி வைத்தாள், வழக்கமாக மூன்றுதான் வைப்பாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆறு வருஷமா எருமேல ஒக்கார வெச்சுட்டு, மிஷின் சரியில்ல மிஷின் சரியில்லன்னு அதப் போய்த் திட்டிட்டாரே பாவம்" என்று தெலுங்கில் தன் பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குப் புரியாது என்று நினைத்துச் சொன்னாள். இருபது வருஷம் கூட இருந்த பிறகும் புரியாமல் போகுமா. நானும் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். அதை விடு.

பவித்ரா கடப்பாறையை எடுத்துக்கொண்டு போனாள். கொட்டகைக்கு வெளியே சுவரோரமாக இறக்கினாள். நெய்யில் கத்தி இறங்குவதுபோல் பாதிக் கடப்பாறை இறங்கியது. பிடுங்கினால் நுனியில் கறுப்பு மண். மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள், இன்னும் அந்த வாசம் இருக்கிறது. அடுத்து நான் அவளை முன்பக்கம் கூட்டிப் போனேன். என் அறை ஜன்னலுக்குக் கீழே குத்தச் சொன்னேன். இரண்டு சாண் ஆழத்தில் டங்கென்று நின்றது. நான்கு இடத்தில் குத்தினாள், நான்கிலும் அதே சத்தம். பாறை, கண்ணு. நம் வீட்டு முன்பாதி முழுக்கப் பாறைதான். அஸ்திவாரம் தோண்டும்போது உன் அப்பா கடப்பாறை நுனியை இரண்டு தடவை மழுங்க அடித்துவிட்டு, "இதுக்கு மேல தோண்டத் தேவயில்ல, மலையே கீழ இருக்குது" என்று நிறுத்திய இடம் அது. நீ முதலில் எந்த இடத்தை அளந்தாயோ அதுதான் சரியான இடம். உன் கண்ணும் அன்றைக்குச் சரியாகத்தான் பார்த்தது, உன் கையும் இன்று வரைக்கும் சரியாகத்தான் இருக்கிறது. எருக்குழி மேல் நிற்கிற மிஷினில் ஆறு வருஷம் கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுத்திருக்கிறாய். டூல்ரூமில் கெட்டித் தரையில் நின்று வேலை செய்த வேறு யாரையாவது அதைச் செய்யச் சொல்லிப் பார்.

இப்போது உனக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். பெரியவள் என்பதற்காகச் சொல்லவில்லை, தப்பு செய்தவளுக்குத்தான் எங்கே தப்பியது என்று தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். நீ யாரிடமும் ஒரு தடவைக்கு மேல் கேட்பதில்லை. அது மரியாதை என்று நினைக்கிறாய். முன் அறையை நான் தர மாட்டேன் என்றபோது, ஏன் என்று இன்னொரு தடவை கேட்டிருந்தால் எனக்குச் சாக்கு தீர்ந்துபோயிருக்கும். தரை கெட்டிதானா என்று இரண்டாவது தடவை கேட்டிருந்தால் நான் கட்டாயம் தடுமாறியிருப்பேன். பெற்றவளாக இருந்தாலும் சரி, சரக்கு கொடுக்கிற கம்பெனியாக இருந்தாலும் சரி, இரண்டாம் தடவை கேள். உன் மகள் கேட்டாளே, அப்படி. பழி உன்மேல் என்று சொல்லவில்லை, பழி என்னுடையதுதான்.

இன்னொன்று, வேலை கெட்டுப்போனால் உன் கையை முதலில் சந்தேகப்படாதே. அது உனக்கு ரொம்ப நாள் பழக்கம். பள்ளிக்கூடத்தில் பேனா கசிந்தால்கூட நான் சரியாகப் பிடிக்கவில்லை என்றுதான் அழுவாய். மிஷினைப் பார், கட்டரைப் பார், அடியில் என்ன இருக்கிறது என்று பார், "கெட்டி" என்று சொன்னவர்களை ஒரு தரம் பார். எல்லாம் பார்த்த பிறகு கடைசியாக உன் கையைப் பார்.

அத்திப்பள்ளி ஷெட்டைப் பற்றி நீ நினைத்தது புரிகிறது. கிரேன் இருக்கிறது, கெட்டித் தரை இருக்கிறது. ஆனால் கர்நாடகா பார்டர் தாண்டிப் போய் வர, அந்த நெரிசலில் தினமும் எத்தனை மணி நேரம் ரோட்டில் நிற்பாய்? மறுபடி பஸ் நேரத்துக்குக் குளித்துவிட்டுக் கிளம்புகிற மனிதனாகிவிடுவாய். பவித்ரா அந்தப் புதுக் கன்ட்ரோலுக்கு இப்போதே ஏதேதோ எழுதிப் பழகுகிறாள். கல்லூரி விட்டு வந்து இரண்டு மணி நேரம் வீட்டிலேயே மிஷின் ஓட்டலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நீ கேட்கவில்லை என்பதால் உன்னிடம் சொல்லவில்லை. உன் பிள்ளைதானே. அந்தப் பெட்டிக்கு முன்னால் என் பேத்தி உட்கார்ந்து பட்டனைத் தட்ட, டேபிள் தானாக நகர்ந்து போய்த் தானாக நிற்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பர் எடுத்துக்கொண்டே பார்க்க வேண்டும். அத்திப்பள்ளிக்கு என்னை யார் கூட்டிப் போவார்கள்?

ஆகையால் நாங்கள் மூன்று பேரும் ஒரு முடிவு செய்துவிட்டோம். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் "அம்மாவ முன் ரூம்லருந்து எழுப்பறதா" என்று நீ மறுப்பாய். நீ மறுக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளம் எழுதினேன். என் பெட்டி, சாமி படம், கட்டில் எல்லாம் மத்தியானமே வெளியே வந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரியின் மருமகன் ஒரு கை பிடித்தான். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுப் போனார். வாசல் நிலையை எடுத்து ஜன்னலோடு சேர்த்துச் சுவரை அகலமாகத் திறந்தால் மிஷின் நேராக உள்ளே போகும் என்கிறார். பவித்ரா உன் டேப்பால் அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறாள். பாறை வரைக்கும் தோண்டிக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட வேண்டுமாம், அது காய எத்தனை நாள் ஆகும், கால் எங்கே வரும் என்பதெல்லாம் நீ வந்துதான் சொல்ல வேண்டும், அதில் நாங்கள் கை வைக்க மாட்டோம். சுவரை மட்டும் புதன்கிழமை இடிக்கிறார்கள்.

நான் எங்கே படுப்பேன் என்று நீ கேட்பாய். நடு அறையில்தான் படுக்க வேண்டும் என்று மஞ்சுளா என்னோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். எனக்கு நடு அறை வேண்டாம், தொலைக்காட்சிச் சத்தம். மிஷின் போகும் வரைக்கும் அங்கே சமாளிக்கிறேன், போன பிறகு அந்தப் பின்கொட்டகையை எனக்குக் கொடுங்கள். உயரமாக நல்ல தகரம், சுவரும் இருக்கிறது, கரண்டும் இருக்கிறது. பின்பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் மட்டும் வைத்துத் தா, அந்தப் பக்கம் தக்காளித் தோட்டமும் அதைத் தாண்டி ரயில் பாதையும் தெரிகிறது. கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடு. தரையைப் பற்றிக் கவலைப்படாதே. போன வாரம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள், நாற்பத்தெட்டு கிலோ. அந்தக் குழி என்னைத் தாங்கும்.

மஞ்சுளா இப்போது இதைப் படித்துவிட்டு, இன்னொன்றும் எழுதச் சொல்கிறாள். நீ கோபப்படுவதாக இருந்தால் வீட்டுக்கு வந்து கோபப்படு, கோயம்புத்தூரில் தனியாக உட்கார்ந்து கோபப்பட்டுச் சாப்பிடாமல் இருக்காதே என்கிறாள். நானும் அதையேதான் சொல்கிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இரு, நான் பொறுத்துக்கொள்கிறேன், எனக்கு அது சேர வேண்டியதுதான். ஆனால் பஸ் ஏறுவதற்கு முன்னால் அத்திப்பள்ளிக்காரருக்கு ஒரு போன் போட்டு, ஷெட் வேண்டாம், எங்கள் வீட்டிலேயே பாறை இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறு.

உன் மிஷினில் பர் எடுக்கிற,
அம்மா